கிரிக்கிலிருந்து ஜெலி வரை: உங்கள் ஸ்பேர் டயர் நலமா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். இந்த முறை எங்கே போகலாம்? கேமரன் மலையைப் பார்த்தாயிற்று. பினாங்குக் கடற்கரையில் பிள்ளைகள் ஆடித் தீர்த்தாயிற்று. பத்துமலைப் படிகளையும் ஏறி இறங்கியாயிற்று. வேறு எங்கே போவது என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு வழியைச் சொல்கிறேன். கோலகங்சாரில் தொடங்கி, லெங்கோங், கிரிக் ஊர்களைத் தாண்டி, தித்திவங்சா மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, கிளந்தான் மாநிலத்தின் ஜெலியில் இறங்கும் வழி அது. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

காடு, மலை, ஏரி, பனிமூட்டம், யானைத் தடம் எல்லாம் இந்த ஒரே வழியில் கிடைக்கும். அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. டோல் கட்டணமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. புறப்படுவதற்கு முன் உங்கள் காரின் பின்பெட்டியைத் திறந்து, அங்கே குவிந்திருக்கும் குடை, செருப்பு, பழைய பத்திரிகைகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அடியில் படுத்திருக்கும் ஸ்பேர் டயரைக் கட்டை விரலால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை முழுவதும் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கோலகங்சாரில் ஒரு பால் மரம்

டயரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கோலகங்சாரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் காலத்தில் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம், மாவட்ட அலுவலகத்தின் அருகில் வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பசியாறிவிட்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். தாத்தாவும் பாட்டியும் வாழ்நாளெல்லாம் சுற்றிச் சுற்றி வந்த மரங்களுக்கு மூத்த உறவு இது என்று காட்டுங்கள்.

அந்த நாளில் ரப்பரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராக 1888இல் வந்த ரிட்லி, ஊர் ஊராகப் போய் ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களைக் கெஞ்சினார். அவரைப் பைத்தியக்காரர் என்றே பலர் கேலி செய்தார்கள். மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதே 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை உருவாக்கினார். பிறகு மோட்டார் கார்கள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டும், ரப்பருக்குத் தோட்டம் வேண்டும், தோட்டத்துக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறி வந்த நம் முன்னோர்தான்.

உலகத்தில் எங்கோ ஓடிய காரின் டயருக்குள் நம் பாட்டிமார் விடியற்காலையில் வெட்டிய பாலும் இருந்திருக்கும். இன்றைய கார் டயர்களில் செயற்கை ரப்பரும் நிறையக் கலக்கிறது. ஆனாலும் பெரிய லோரி டயர்களிலும் விமான டயர்களிலும் இயற்கை ரப்பரே முக்கியப் பங்கு வகிக்கிறது. ஆகவே டயரைச் சும்மா ஒரு கறுப்பு வளையம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நம் வீட்டுப் பொருள்.

ஸ்பேர் டயர் வந்த கதை

ஆரம்ப காலக் கார்களில் ஸ்பேர் டயரே கிடையாது. டயர் பஞ்சராகிவிட்டால் வழியிலேயே உட்கார்ந்து, டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, காற்றடித்துப் போட வேண்டும். மழையிலும் இதே கதைதான். 1904இல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் இருவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காற்றடித்த டயருடன் கூடிய ஒரு தனி வளையத்தைச் செய்து, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் பூட்டிவிட்டால் வண்டி ஓடும். அவர்களின் பட்டறை ஸ்டெப்னி வீதியில் இருந்ததால் அதற்கு ஸ்டெப்னி சக்கரம் என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் லோரி ஓட்டுநர்கள் இன்றும் ஸ்பேர் டயரை ஸ்டெப்னி என்றே அழைக்கிறார்கள். அங்குள்ள சொந்தக்காரர்கள் பேசும்போது அந்தச் சொல் காதில் விழுந்தால், அது வேல்ஸ் நாட்டு வீதியின் பெயர் என்று நீங்கள் சொல்லி அசத்தலாம்.

கோலகங்சாரில் நாங்கள் வேனை நிறுத்திய டயர் கடையில் வயதான சீனர் ஒருவர் இருந்தார். நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்தார். வேனுக்கு அடியில் தொங்கும் ஸ்பேர் டயரையும் இறக்கிப் பாருங்கள் என்று எங்கள் ஓட்டுநர் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இதைக் கேட்கிற ஆள் ரொம்பக் குறைவு. எல்லாரும் நாலு டயரோட போயிடுவாங்க. அஞ்சாவது ஒண்ணு இருக்கிறது வழியில நின்ன பிறகுதான் ஞாபகம் வரும்" என்று மலாயில் சொன்னார். ஓடாத டயருக்குக் காற்றுக் குறையாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நல்ல டயரில்கூட மாதம் ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று தானாகவே கசியும். ஒரு வருடம் தொடாமல் விட்டால் அழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை. மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் டயர் இருக்கும், காற்று இருக்காது.

லெங்கோங் பள்ளத்தாக்கு

கோலகங்சாரிலிருந்து கிரிக் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் செண்டெரோ அணையால் உருவான ஏரி சில இடங்களில் கண்ணுக்குத் தெரியும். பிறகு வருவது லெங்கோங். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த சிறிய பட்டணம். அமைதியான ஊர்தானே என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். இங்குள்ள குனோங் ருந்து குகையில் 1991இல் தோண்டி எடுக்கப்பட்ட எலும்புக்கூடு பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. பேராக் மனிதன் என்று அதற்குப் பெயர். 2012இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கோத்தா தம்பான் என்ற இடத்தில் கற்காலக் கருவிகளோடு சுமத்ராவின் தோபா எரிமலைச் சாம்பலும் கிடைத்திருக்கிறது. அந்த எரிமலை வெடித்து ஏறக்குறைய 74,000 ஆண்டுகள் ஆகின்றன.

கிரிக் வந்ததும் மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள். வயிற்றை நிரப்புங்கள். எண்ணெயை நிரப்புங்கள். டயர் ஐந்தையும் பாருங்கள். ஏனென்றால் இங்கிருந்து ஜெலிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இடையில் பட்டணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. டயர் கடையை நம்பிப் போக முடியாது. பல வளைவுகளில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது. டோல் சாலையில் வண்டி நின்றால் ரோந்து வண்டி வரும். இது கூட்டரசுச் சாலை எண் 4. இங்கே அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

துப்பாக்கிக் காவலில் போட்ட சாலை

இந்தச் சாலை வருவதற்கு முன், பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்குக் காரில் போக வேண்டுமென்றால் தாய்லாந்தின் தென்பகுதி வழியாகப் போக வேண்டும், இல்லையென்றால் கோலாலம்பூர்ப் பக்கம் இறங்கிப் பகாங்கைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 1970இல் வேலை தொடங்கியது. மழைக்காடு, செங்குத்தான மலை, மண்சரிவு என்று இயற்கை ஒரு பக்கம் தடுத்தது. எல்லைக் காடுகளில் இருந்த கம்யூனிஸ்டுப் படையினர் மறுபக்கம் தடுத்தார்கள். வேலை இயந்திரங்கள் தகர்க்கப்பட்டன. ராணுவக் காவலோடு வேலை நடந்தது. 1982இல்தான் சாலை திறக்கப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் இரவுப் பயணத்துக்கு அனுமதி கிடையாது. 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்த அச்சம் நீங்கியது.

இந்தக் கதையின் முதல் பக்கம் நம் தோட்டங்களில் எழுதப்பட்டது என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. முள்வேலியும் ஊரடங்கும் ரேஷன் அரிசியுமாக நம் பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? அந்த நெடுங்கதையின் கடைசிப் பக்கங்கள் இந்த மலைகளில் முடிந்தன.

கிரிக்கிலிருந்து 40 கிலோமீட்டர் போனால் பண்டிங் தீவு. தெமெங்கோர் அணை கட்டப்பட்ட பிறகு பள்ளத்தாக்கு நிறைந்து ஏரியானது. தீபகற்ப மலேசியாவில் கென்யிர் ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். இரண்டு பாலங்கள் தீவின் வழியாக ஏரியைக் கடக்கின்றன. தண்ணீருக்கு மேல் பட்டுப்போன மரங்களின் உச்சிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும். வடக்கே 2007இல் அரச பெலும் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு. மலேசியாவில் காணப்படும் பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் பெலும் தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன. ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்களுக்கு இது தாய்மண்.

யானைகளுக்கும் இது வீடு. 2025 மே 11ஆம் தேதி, அன்னையர் தினத்தன்று விடியுமுன், இந்தச் சாலையில் ஒரு லோரி மோதி யானைக் குட்டி ஒன்று இறந்தது. தாய் யானை அந்த லோரியைத் தலையால் முட்டித் தள்ளப் பார்த்தபடி மணிக்கணக்கில் அங்கேயே நின்ற காட்சியை நாடே பார்த்துக் கலங்கியது. ஒரு மாதத்துக்குள், ஜூன் 9ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், பண்டிங் அருகே நடந்த பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். அழகான சாலைதான். ஆனால் அவசரத்துக்கு ஏற்ற சாலை அல்ல. பகலில் போங்கள். மாலை ஐந்துக்குள் மலையைக் கடந்துவிடுங்கள்.

மலை வளைவில் ஒரு குடும்பம்

2023ஆம் ஆண்டு அக்டோபரில் நாங்கள் ஐந்து பேர் வேனில் இந்த வழியாகப் போனோம். பண்டிங் பாலத்தைத் தாண்டி அரை மணி நேரம் ஏறியிருப்போம். மணி நான்கரை. பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு வளைவின் ஓரத்தில் கார் ஒன்று சாய்ந்து நின்றது. அப்பா, அம்மா, பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. பெண் மடியில் ஒரு கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாலையோரக் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். நம்மவர்கள் என்று தெரிந்ததும் ஓட்டுநர் வேனை ஓரங்கட்டினார்.

சாலையில் இருந்த குழியின் விளிம்பு பட்டு முன் டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. அது ஒட்டுப் போடக்கூடிய காயம் அல்ல. பின்பெட்டியில் இருந்த பெட்டி, வாளி, போர்வை, அரிசிப் பை எல்லாவற்றையும் புல்மேல் இறக்கி வைத்து, ஸ்பேர் டயரை எடுத்திருக்கிறார்கள். அதிலும் காற்று இல்லை. டயர் புதிது, ஒரு நாளும் ஓடாதது, அதன் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. ஆனால் தரையில் நிறுத்தினால் மாவு பிசைந்த மாதிரி அமுங்கியது.

பெண்ணுக்கு மறுநாள் காலை ஜெலியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் பதிவு. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்த குடும்பம். அந்த வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதிக்கப் போகும் முதல் பிள்ளை. கார், அம்மாவின் தம்பியுடையது. மைத்துனரிடம் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்திருக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. இன்னும் சில மணி நேரத்தில் இருட்டிவிடும். காலையில் அந்த வழியில் யானைச் சாணத்தைப் பார்த்ததாகப் பெண் சொன்னாள். பயத்தை மறைத்துக்கொண்டு சொன்னாள்.

எங்கள் வேனில் பன்னிரண்டு வோல்ட் காற்றுப் பம்பு ஒன்று இருந்தது. சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகி, இயந்திரத்தை ஓடவிட்டு ஓட்டுநர் காற்றடித்தார். டயர் மெல்ல எழுந்தது. எழுந்ததே ஒழிய, வால்வின் வாயில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது குமிழ் குமிழாக வந்தது. வால்வு ஊசி தளர்ந்திருந்தது. அவ்வளவுதான் நோய். விரல் நீளத்துக்கு ஒரு சிறிய திருகி, அதைக் கொண்டு கால் சுற்றுத் திருகினார். குமிழ் நின்றது. மீண்டும் காற்றடித்து, 32 வந்ததும் நிறுத்தி, ஃபிளாஸ்க்கில் இருந்த கோப்பியை ஊற்றிக் குடித்தோம். கால் மணி கழித்துப் பார்த்தால் அதே 32. பெண்ணின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது.

சக்கரத்தை மாற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி கணவரிடம் சொன்னார்: "முப்பது வருசம் பால் வெட்டினேன். மறுநாளைக்கு வேண்டிய கத்திய முந்தின நாள் ராத்திரியே தீட்டி வச்சிட்டுத்தான் படுப்பேன். மரத்துக்கிட்டப் போய் நின்னுக்கிட்டா தீட்டுறது?"

"உன் தம்பி காடி. அதுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"காடி தம்பியோடதுதான். உள்ள உட்கார்ந்திருக்கிறது நம்ம புள்ளயில்ல?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. வாசகர்களே, ஸ்பேர் டயரைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது. இரவல் காராக இருந்தாலும், வாடகைக் காராக இருந்தாலும், அலுவலகக் காராக இருந்தாலும், ஏறி உட்காருவது நம் பிள்ளைகள்.

அவர்களை முன்னால் விட்டு, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், நாங்கள் பின்னால் போனோம். கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டர் உயரத்தில், பேராக்கும் கிளந்தானும் சந்திக்கும் இடத்தில் தித்திவங்சா ஓய்விடம் இருக்கிறது. அங்கே நிறுத்தி மறுபடி காற்றைப் பார்த்தோம். நட்டுகளை மறுபடி இறுக்கினோம். அதன் பிறகு இறக்கம்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜெலி வந்துவிட்டது. மறுநாள் காலை டயர் கடை திறந்ததும் கிழிந்த டயருக்குப் பதில் புதியது போட்டார்கள். பதிவும் நேரத்தோடு முடிந்தது என்று அந்தப் பெண் தொலைபேசியில் சொன்னாள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

இனி, வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். அம்மாமார்களே, இது ஆண்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரில் தனியாகப் போகும் நாள் உங்களுக்கும் வரும்.

மாதம் ஒரு முறை மற்ற டயர்களுக்குக் காற்றுப் பார்க்கும்போது ஸ்பேர் டயரையும் பாருங்கள். பெட்ரோல் நிலையங்களில் காற்றுக்குப் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும். முழு அளவு ஸ்பேர் டயராக இருந்தால், நிறைந்த சுமைக்குக் கொடுத்துள்ள அளவுக்கு அடித்து வையுங்கள். குறைப்பது எளிது, நடுக்காட்டில் கூட்டுவதுதான் கஷ்டம்.

உங்கள் ஸ்பேர் டயர் மற்றவற்றைவிட ஒல்லியாக இருக்கிறதா? அது தற்காலிக டயர். அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். மற்ற டயருக்கு அடிப்பது போல 30 அடித்துவிட்டுப் போனால் ஆபத்து. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் அதில் ஓட்டக்கூடாது. அருகில் உள்ள டயர் கடை வரை போவதற்குத்தான் அது. கிரிக் ஜெலி மாதிரி நெடுந்தூரத்துக்கு அதை நம்புவது சரியல்ல. சில புதிய கார்களில் ஸ்பேர் டயரே இருப்பதில்லை. பசை மருந்துப் புட்டியும் சிறிய பம்பும் மட்டும் கொடுத்திருப்பார்கள். அந்த மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. ஆணி குத்திய சிறு துளையை அது அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. புதுக்கார் வாங்கும்போதே எது இருக்கிறது என்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வேன், பெரிய குடும்பக் கார், பிக்கப் வண்டிகளில் ஸ்பேர் டயர் அடியில் தொங்கும். மழையும் சேறும் பட்டு, அதை இறக்கும் கம்பியும் திருகும் துருப்பிடித்துவிடும். அவசரத்துக்குத் திருகினால் அசையாது. வருடத்துக்கு இரண்டு முறையாவது இறக்கிக் கழுவி, திருகுக்கு எண்ணெய் போட்டு ஏற்றுங்கள்.

டயருக்கும் வயது உண்டு. ஓடாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பத்து ஆண்டு தாண்டிய டயரை, பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஐந்து ஆண்டு தாண்டியதை டயர் கடைக்காரரிடம் காட்டி, வெடிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

சரி, வழியில் நின்றுவிட்டீர்கள், ஸ்பேர் டயரிலும் காற்று இல்லை. என்ன செய்வது? முதலில் டயரை நன்றாகப் பாருங்கள். பக்கச்சுவரில் வெடிப்பு இல்லாமல், டயர் ரிம்மை விட்டுக் கழலாமல் இருந்தால், வெறும் காற்றுதான் குறை. பம்பு இருந்தால் அடியுங்கள். பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். வால்வில் தண்ணீரோ எச்சிலோ தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். குமிழ் இல்லையென்றால் பூட்டலாம். மெதுவாகப் போய், கொஞ்ச தூரத்தில் நிறுத்தி மறுபடி பாருங்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றிருந்தால் கைப்பம்பு அதற்குப் போதாது. டயர் கடைதான் வேண்டும். அந்த நிலையில் காற்றில்லாத டயரோடு வண்டியை உருட்டிப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். டயரோடு ரிம்மும் போய்விடும். விளக்கைச் சிமிட்டவிட்டு, முக்கோணத்தை நல்ல தூரத்தில் வைத்து, பிள்ளைகளைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்தி, வருகிற லோரியிடம் சேதி சொல்லி அனுப்புங்கள். தொடர்பு கிடைக்கும் இடமென்றால் 999 இருக்கிறது.

சக்கரம் மாற்றும்போது ஜேக்கியைச் சமமான, கெட்டியான தரையில் வையுங்கள். செம்மண்ணில் அது புதையும், ஒரு பலகைத் துண்டு காரில் இருப்பது நல்லது. கைப்பிரேக்கைப் போட்டு, எதிர் மூலைச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள், தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும். வண்டி தூக்கியிருக்கும்போது யாரும் அடியில் கையையோ காலையோ விடக்கூடாது. பூட்டும்போது எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். திருட்டுப் பயத்துக்காகப் பூட்டு நட்டுப் போட்டிருந்தால் அதன் சாவி காரில் இருக்கட்டும், வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. காற்றளவி ஒன்று, சிறிய பம்பு ஒன்று, வால்வு திருகி ஒன்று, ஒரு டார்ச் விளக்கு. இழுவை வண்டி ஒரு முறை மலையேறி வருவதற்குக் கேட்கும் வெள்ளியில் இவை எல்லாவற்றையும் வாங்கிவிடலாம்.

மலைக்கு அப்பால்

ஜெலியில் இறங்கியதும் வேறு உலகம். பேச்சு மாறுகிறது, உணவு மாறுகிறது. தானா மேரா வழியாகக் கோத்தா பாருவுக்குப் போகலாம். தெற்கே குவாலா கிராய் பக்கம் போனால் கிளந்தானின் ஒரே தமிழ்ப்பள்ளி, பாசிர் காஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்திலும் நம் பிள்ளைகள் அகரம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே மனம் நிறைகிறது.

விடுமுறைக்கு இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். கோலகங்சாரில் அந்தக் கிழட்டுப் பால் மரத்தைப் பாருங்கள். பண்டிங் பாலத்தில் நின்று ஏரிக் காற்றை வாங்குங்கள். தித்திவங்சா உச்சியில் பிள்ளைகளுக்குப் பனிமூட்டத்தைக் காட்டுங்கள். ஆனால் முதல் நாள் இரவே, அந்த அம்மா கத்தி தீட்டி வைத்தது போல, பின்பெட்டியைக் காலி செய்து ஸ்பேர் டயரைப் பார்த்துவிட்டுப் படுங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டு விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்களும் காரோட்டப் போகிறவர்கள்தானே!